பழைய விறகடுப்பு: சரி பண்ணலாமா, இடிச்சுட்டு புதுசு போடலாமா?

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பழைய ஓட்டு வீடு வாங்கிட்டோ, பாட்டன் வீடு பங்குல வந்தோ புதுசா குடி வர்றவங்க நெறைய பேரு கேக்கற கேள்வி இது. சமையக்கட்டுல ஒரு மேடை, மேடைல ரெண்டோ மூணோ குழி, பின்னாடி ஒரு புகைக்குழாய், சுவரெல்லாம் கரி. பாத்த உடனே ரெண்டு யோசனைதான் வரும். ஒண்ணு, மொத்தத்தையும் இடிச்சுட்டு கிரானைட் போட்டு கேஸ் அடுப்பை வெச்சுடலாம். இன்னொண்ணு, மேல சிமெண்ட் பூசி வெள்ளையடிச்சு இப்போதைக்கு ஓட்டலாம். ரெண்டையும் ஒரு வாரத்துக்கு தள்ளி வைங்க, ஏன்னா அடுப்பு புகையுதுன்னு சொல்ற வீடுகள்ல முக்கால்வாசி இடத்துல கோளாறு அடுப்புலயே இருக்காது, விறகுலயோ குழாய்லயோதான் இருக்கும், அதை பாக்காம அடுப்பை இடிச்சா புது அடுப்பும் அதே மாதிரி புகையும்.

கேஸ் இருக்கறப்ப இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு: இங்க மட்ட அரிசி (கேரளாச் சிவப்பரிசி) சோறு திங்கற வீடுதான் ஜாஸ்தி, அது வேக நேரம் புடிக்கும். குளிக்க சுடுதண்ணி, மாட்டுக்கு தீனி காய்ச்சறது, கிழங்கு வேக வைக்கறது எல்லாம் கேஸ்ல பண்ணா கட்டுப்படியாகாது. தோப்பு வெச்சிருக்கறவங்களுக்கு தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி எல்லாம் சும்மா கெடக்குது. அதனால அடுப்பு வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க வீட்ல அது என்ன வேலை செய்யப்போகுதுன்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க. வெறும் சுடுதண்ணிக்கு மட்டும்னா உள்ள அடுப்பே வேண்டாம், கொல்லப்பக்கம் ஒரு சின்ன அடுப்பு போதும், இந்தக் கட்டுரைல பாதியை நீங்க படிக்கவே வேண்டியதில்ல.

மொதல்ல விறகு

பச்சை மரத்துல எடைல ஏறக்குறைய பாதி தண்ணிதான். அந்தத் தண்ணியை ஆவியாக்கவே தீயோட சூடு போயிடும், மிச்சம் இருக்கற சூட்டுல மரம் முழுசா எரியாம புகையா கிளம்பும். அடுப்புக்கு போற விறகுல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். அதை அளக்க மெஷின் எல்லாம் வேண்டாம். ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, டக்குன்னு கணீர்னு சத்தம் வந்தா காஞ்சது, மொத்துன்னு கேட்டா ஈரம். வெட்டு முகத்துல நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கணும். எரியறப்ப மறுமுனைல நுரை தள்ளுச்சுன்னா அந்த விறகை எடுத்து வெயில்ல போடுங்க.

இங்க இன்னொரு பழக்கம், தென்னை மட்டையை மழைல கெடந்ததை அப்படியே இழுத்துட்டு வந்து முழு நீளத்துக்கு அடுப்புக்குள்ள சொருகி விடறது. பாதி மட்டை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அடுப்பு வாய் முழுக்க அடைச்சுக்கும், காத்து உள்ள போக வழி இருக்காது. மட்டையை முழங்கை நீளத்துக்கு வெட்டி, தடியா இருந்தா ரெண்டா பொளந்து, ஒரு கோடைக்கு காய விட்டு பாருங்க. ரப்பர் விறகு வாங்கறவங்க லாரில வந்த அன்னிக்கே எரிக்காதீங்க, அறுத்த ஆறு மாசம் கூரைக்குக் கீழ காத்தோட்டமா அடுக்கி வெச்சிருந்தா நல்லது.

காஞ்ச விறகுல நாலு நாள் சமைச்சும் புகை நிக்கலைன்னா அப்பறம் குழாய்க்கு போகலாம்.

அடுத்து குழாய், இங்கதான் பாதி கதை

புகைக்குழாய் வேலை செய்யறது ரொம்ப சாதாரண விஷயத்துல: சூடான காத்து லேசு, மேல போகும், போறப்ப கீழ இருந்து புதுக் காத்தை இழுக்கும். குழாய் உயரமா, நேரா, சுத்தமா இருந்தா இழுவை நல்லா இருக்கும். கரி படிஞ்சா என்ன ஆகும்னு ஒரு கணக்கு சொல்றேன். 4 இஞ்ச் குழாய்க்குள்ள சுத்திலும் அரை இஞ்ச் கரி படிஞ்சா உள்விட்டம் 3 இஞ்ச் ஆயிடும். பாக்க கொஞ்சம்தான் குறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா புகை போற பரப்பு 16க்கு 9 ஆயிடுது, கிட்டத்தட்ட பாதி வழி அடைஞ்சு போச்சு. அரை இஞ்ச் கரிங்கறது ஈர மட்டை எரிக்கற வீட்ல சீக்கிரமே சேந்துடும்.

சோதனை இப்படி. அடுப்பு ஆறியிருக்கறப்ப ஒரு ஊதுபத்தியை பத்த வெச்சு அடுப்பு வாய்கிட்ட பிடிங்க. புகை நூலா உள்ள போனா இழுவை இருக்கு. அசையாம நேரா மேல போச்சுன்னா, ரெண்டு செய்தித்தாளை கசக்கி குழாய் ஆரம்பிக்கற இடத்துக்கு கீழ இருக்கற குழில போட்டு பத்த வைங்க, குழாய் சூடாகி இழுக்க ஆரம்பிக்கும், அப்பவும் ஊதுபத்தி புகை வெளிய வந்தா குழாய் அடைச்சிருக்கு, இல்ல குழாய் உயரம் பத்தல. அப்பறம் ஒரு ஆளை வெளிய நிக்க வெச்சு குழாய் தலைல இருக்கற தொப்பி வழியா புகை வருதான்னு பாக்க சொல்லுங்க. தொப்பிக்குள்ள குருவிக் கூடு, குளவிக் கூடு, பறந்து வந்த தென்னம் பன்னாடை இதெல்லாம் இருக்கறது சகஜம்.

குழாய் முனை ஓட்டு முகட்டுக்கு மேல ரெண்டடியாவது நிக்கணும். முகட்டுக்கு கீழயே முடிஞ்சா காத்து கூரைல மோதி கீழ அமுக்கற இடத்துல போய் புகையை விடறோம், அது திரும்ப வீட்டுக்குள்ளயே வரும். பக்கத்துல பெரிய மாமரமோ மாடி வீடோ இருந்தாலும் இதே தொல்லைதான்.

காத்தைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நாம இருக்கறது பாலக்காட்டுக் கணவாய்ல. ஆனி ஆடில மேக்கால இருந்து சாத்து சாத்துன்னு சாத்தும், மார்கழி தைல கிழக்கால இருந்து வறட்டுக் காத்து. வருஷத்துல பெரும்பாலான நாள் காத்து கிழக்கு மேக்காத்தான் ஓடுது. அதனால குழாய் தலைல டி வடிவத்துல மூடி போட்டா அதோட ரெண்டு கையும் வடக்கு தெக்கா இருக்கற மாதிரி போட சொல்லுங்க. காத்து திறப்புக்குள்ள நேரா புகுந்து கீழ தள்ளாம, வாயை உரசிக்கிட்டு போறப்ப புகையை இழுத்துட்டு போயிடும். வேற ஊர்ல இருந்து வந்த மேஸ்திரிக்கு இது தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, நீங்கதான் சொல்லணும். ஆடில மட்டும் புகையற அடுப்பு, மத்த மாசம் ஒழுங்கா எரியற அடுப்பு இருந்துச்சுன்னா அது அடுப்போட குத்தமே கிடையாது, மூடியை மாத்தினா சரியாயிடும்.

எங்க பக்கத்து வீட்டு அத்தை இப்படித்தான் ஒரு ஆடில மேஸ்திரியை கூப்ட்டு, "ஏனுங் மேஸ்திரி, இதை இடிச்சுப்போட்டு புதுசா ஒண்ணு கட்டிருங்க, கண்ணு எரிச்சல் தாங்க முடியலீங்க"ன்னாங்க. அவரு கடப்பாறையை வாசல்லயே சாத்தி வெச்சுட்டு வந்து, கொடியடுப்பு (முன்னடுப்புத் தீயோட சூட்டுலயே வேலை செய்யற அடுத்த குழி) மேல இருந்த சட்டியை எடுத்து கீழ வெச்சு, குழிக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டாரு. வெளிய எடுத்தப்ப உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் கட்டி, ஒரு பக்கம் கரி படிஞ்சு பளபளன்னு. "அக்கா, அடுப்பு நல்லாத்தானுங் இருக்குது. முன்னடுப்புக்கும் கொடியடுப்புக்கும் நடுவுல ஒரு வழி இருக்குதுங்களே, அது பூரா எறுகிக் கெடக்குது. இதைய தோண்டி எடுக்கறதுக்கு என்னைய எதுக்குங் கூப்ட்டீங்க?" அத்தை ஒண்ணும் சொல்லாம அவருக்கு மோர் கொண்டு வந்து குடுத்தாங்க. கூலி வாங்காமதான் போனாரு.

அதனால குழாயோட சேத்து அந்த உள்வழியையும் தோண்டுங்க. வளைஞ்ச கரண்டி இல்ல நீளமான கம்பியை வளைச்சு சொரண்டி எடுக்கலாம். குழாய்க்கு, கயித்துல ஒரு கல்லைக் கட்டி, கல்லுக்கு மேல தேங்காய் நாரை உருண்டையா சுத்தி, மேல இருந்து கீழ விட்டு ரெண்டு மூணு வாட்டி இழுத்தா போதும். அடுப்பு வாயையும் எல்லாக் குழியையும் ஈரச் சாக்கால மூடிட்டு பண்ணுங்க, இல்லேன்னா வீடு பூரா கரி பறக்கும். மூக்குக்கு துணி கட்டிக்கோங்க. தெனமும் எரிக்கற வீட்ல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா பண்ணணும். கரி பொடியா உதிராம கீல் மாதிரி பளபளன்னு ஒட்டிக்கிட்டு இருந்தா அது ஈர விறகோட அடையாளம், அது தீ புடிச்சா குழாய்க்குள்ளயே எரியும், ஓட்டுச் சட்டம் பக்கத்துல இருக்கற வீட்ல அது விளையாட்டில்ல.

குழாய் எதுல பண்ணதுன்னு பாருங்க. பழைய வீடுகள்ல ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்தான் ஜாஸ்தி. முழுசா இருந்தா அப்படியே விடலாம். வெடிச்சோ உதிர்ந்தோ இருந்தா மாத்திடுங்க, ஆனா அறுக்காதீங்க, சுத்தியல்ல ஒடைக்காதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு போனா புத்துநோய் வரைக்கும் கொண்டு போகும். தண்ணி ஊத்தி நனைச்சு, முழுசா கழட்டி இறக்கி, பிளாஸ்டிக் தாள்ல சுத்தி கட்டிடுங்க. புதுசா ஜிஐ குழாய் போடறவங்க அடுப்போட ஒட்டற மொத மூணடிக்கு மட்டும் கனமான இரும்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்க, ஜிஐ மேல இருக்கற துத்தநாகப் பூச்சு ரொம்ப சூட்டுல நிக்காது. பிவிசி குழாய் போட்ட வீட்டையும் பாத்திருக்கேன். அதைப் பத்தி என்ன சொல்றதுன்னே தெரியல.

குழாய்க்கும் மரச் சட்டத்துக்கும் நடுவுல ஒன்றரை அடி இடைவெளி இருந்தா நிம்மதி. இல்லேன்னா நடுவுல தகரம் ஒண்ணு, மரத்தைத் தொடாம, காத்து போற மாதிரி நிறுத்தணும்.

இனி அடுப்போட உடம்பு

விறகும் குழாயும் சரின்னு ஆனதுக்கு அப்பறம்தான் அடுப்பையே சோதிக்கணும். டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஊதுபத்தி மூணும் போதும்.

மேடைக்கு கீழ குனிஞ்சு மேல பாருங்க. இதை யாரும் பண்றதில்ல, விறகு அடுக்கற இடம்னு விட்டுடுவாங்க. கான்கிரீட் உதிர்ந்து கம்பி துரு புடிச்சு தெரியுதுன்னா அங்கயே முடிஞ்சது, அந்த மேடை மேல என்ன ரிப்பேர் பண்ணாலும் காசு வீண், இடிச்சுட்டு புதுசுதான். மேடைக்கு அடில கைய வெச்சு சூடு கீழ இறங்கற மாதிரி தெரிஞ்சாலும் யோசிக்கணும், கீழதான் காஞ்ச விறகு இருக்கு.

அப்பறம் தீ எரியற குழியோட உள்சுவரு. ஸ்க்ரூடிரைவர் காம்பால தட்டிக்கிட்டே போங்க. கெட்டியா சத்தம் வர்ற இடம் நல்லது, பொள்ளுன்னு கேட்டா பூச்சு செங்கலை விட்டு பிரிஞ்சிருக்கு. முனையால குத்திப் பாருங்க, மேல இருக்கற பூச்சு மட்டும் உதிர்ந்து உள்ள செங்கல் கெட்டியா இருந்தா ரிப்பேர். செங்கலே விரல்ல பொடியாகி வந்தா, அதுவும் ஒரு கல்லு ரெண்டு கல்லு இல்லாம சுத்திலும் அப்படி இருந்தா, அடுப்பு ஆயுசு முடிஞ்சு போச்சு.

வெடிப்புல எல்லாம் பயப்பட வேண்டாம். சூடாகி ஆறி சூடாகி ஆறி எந்த மண்ணடுப்பும் வெடிக்கத்தான் செய்யும். தீ எரியறப்ப ஊதுபத்தியை வெடிப்பு மேல ஓட்டுங்க. புகை ஆடாம போனா மேல்வெடிப்பு. உள்ள இழுத்தாலோ வெளிய தள்ளினாலோ அது இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துளைச்சு போயிருக்கு. அப்படித் துளைச்ச வெடிப்பு ஒண்ணு ரெண்டுன்னா அடைக்கலாம். அடுப்பு வாய்ல இருந்து பின்சுவரு வரைக்கும் ஒரே கோடா ஓடி, ரெண்டு பக்கமும் மேல கீழ ஏறி எறங்கி நின்னா, அடித்தளம் எறங்கியிருக்கு. அடைச்சாலும் திரும்ப விடும்.

வார்ப்பிரும்பு கிரேட் (விறகு எரியற கம்பித் தட்டு), சட்டி உக்கார்ற வளையம், சாம்பல் ட்ரே இதெல்லாம் தேயற சாமான். கொட்டாங்குச்சி ஜாஸ்தி எரிக்கற வீட்ல கிரேட் சீக்கிரம் வளைஞ்சு போகும், அதோட சூடு அப்படி. வெல்டிங் பண்ணலாமான்னு கேப்பாங்க, வார்ப்பிரும்புல அது நிக்காது, திரும்ப வெடிக்கும். புதுசு வாங்கி போடுங்க, பெரிய செலவில்ல. வளையம் அகண்டு போய் சட்டிக்கு சுத்திலும் இடைவெளி இருந்தா புகை அது வழியா வரும், சூடும் போகும். அதே மாதிரி கொடியடுப்பு மேல பாத்திரம் எதுவும் வைக்காம தொறந்து போட்டு சமைச்சாலும் அந்தக் குழி வழியா புகை வரும். ஒரு பழைய தோசைக்கல்லையாவது மூடி வைங்க.

தண்ணி கொதிக்க வெச்சு பாக்கறது

இது ஏன் வேணும்னா, புகையே இல்லாம ஊருபட்ட விறகு திங்கற அடுப்பும் இருக்கு. அதைக் கண்டுபிடிக்க வேற வழி கிடையாது.

அரை மணி நேரம் எரிஞ்சு சூடான அடுப்புல பண்ணுங்க, ஏன்னா குளிர்ந்த அடுப்பு தன் உடம்பை சூடாக்கவே நெறைய விறகை எடுத்துக்கும். காஞ்ச விறகு ஒரு கிலோ எடை போட்டு வெச்சுக்கோங்க. மூடி போட்ட பாத்திரத்துல 2 லிட்டர் தண்ணி வெச்சு, கொதி வந்த நிமிஷம் விறகை இழுத்து அணைச்சு, மிச்சத்தை எடை போடுங்க. கணக்கு என்னன்னா, 2 லிட்டர் தண்ணியை நம்ம ஊரு சூட்டுல இருந்து கொதிக்க வைக்க சுமார் 610 கிலோ ஜூல் வேணும், காஞ்ச விறகு ஒரு கிலோல சுமார் 16 மெகா ஜூல் இருக்கு. சூடு பூரா தண்ணிக்கே போனா 40 கிராம் விறகு போதும், ஆனா அப்படி எந்த அடுப்பும் கிடையாது. மூணு கல்லு அடுப்பு நூத்துக்கு 10, 15தான் பாத்திரத்துக்கு குடுக்கும், அதாவது 400 கிராம் வரைக்கும் போகும். நல்லா கட்டின புகையில்லா அடுப்பு 20 குடுத்தா 200 கிராம்ல கொதிக்கும்.

உங்க அடுப்பு 200, 250 கிராம்ல கொதிக்க வெச்சா அது தங்கம், சின்னச் சின்ன ரிப்பேர் பண்ணி வெச்சுக்கோங்க. 400க்கு மேல போச்சுன்னா உள்ள வடிவம் கெட்டிருக்கு. கிரேட்டுக்கும் சட்டி அடிக்கும் நடுவுல 15ல இருந்து 20 செ.மீ இருந்தா நல்லது, வருஷக்கணக்கா தேய்ஞ்சு தேய்ஞ்சு அது ஒரு அடி ஆகியிருக்கும், தீ சட்டியைத் தொடவே தொடாது. கொடியடுப்புக்கு அடில தீயை மேல தூக்கி விட ஒரு மேடு இருக்கணும், அது கரைஞ்சு போயிருந்தா சூடு நேரா குழாய்க்கு ஓடிடும். ரெண்டுமே மண்ணு வெச்சு திரும்ப கட்டிக்கலாம். அதுக்காக அடுப்பை இடிக்க வேண்டியதில்ல.

எப்ப ரிப்பேர், எப்ப புதுசு

குழாய், தொப்பி, கிரேட், வளையம், பூச்சு, உள்மேடு, ஒண்ணு ரெண்டு வெடிப்பு: ரிப்பேர். மேடைக் கம்பி துரு, செங்கல் பொடி, அடித்தளம் எறக்கம்: புதுசு. இது ரெண்டும் சுலபம். நடுவுல மாட்டிக்கற அடுப்புதான் தலைவலி, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் போயிருக்கும். அப்ப என் கணக்கு இதுதான், ரிப்பேர் செலவு புது அடுப்பு செலவுல பாதியை தாண்டினா புதுசு. கூலியையும் சேத்து கேளுங்க, சாமான் விலையை மட்டும் சொல்லி ஏமாத்திடுவாங்க, சாமானை விட கூலிதான் ஜாஸ்தி ஆகும்.

இன்னொரு காரணம், அடுப்பு நல்லாவே இருக்கும் ஆனா உங்களுக்கு ஆகாது. பத்து பேருக்கு சமைச்ச கூட்டுக் குடும்பத்து அடுப்புல ரெண்டு பேருக்கு சோறு வடிச்சா சட்டி குழிக்குள்ள விழும், விறகும் வீண். அப்படின்னா சின்னதா புதுசு கட்டறது தப்பில்ல. இடுப்பு வலி இருக்கறவங்க தரை அடுப்பை மேடைக்கு ஏத்தறதும் நியாயமான காரணம்தான். சமையக்கட்டுல ஜன்னலே இல்ல, குழந்தை தொட்டில் அங்கயேதான் ஆடுதுன்னா எவ்ளோ நல்ல அடுப்பா இருந்தாலும் உள்ள வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, கண்ணும் எரியாது.

ரிப்பேர்னா எப்படி

ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க, தீ படற இடத்துல சிமெண்ட் ஆகாது. 400, 500 டிகிரில சிமெண்ட்டுக்குள்ள இருக்கற சுண்ணாம்பு தன்னோட தண்ணியை விட்டுடும், அப்பறம் மழைக்காலத்துல ஈரத்தை திரும்ப குடிச்சு உப்பி, செதில் செதிலா உதிரும். விறகுத் தீ அதை விட எவ்வளவோ சூடு. வெளிப்பக்கம் டைல்ஸ் ஒட்ட சிமெண்ட் போட்டுக்கோங்க, உள்ள வேண்டாம்.

உள்ளுக்கு சலிச்ச புத்துமண்ணு ரெண்டு பங்கு, உமி சாம்பல் ஒரு பங்கு, கொஞ்சம் சாணி, தண்ணி விட்டு பிசைஞ்சு ஒரு ராத்திரி ஊற விட்டது. புத்துமண்ணு கிடைக்கலைன்னா ஹார்டுவேர் கடைல ஃபயர் கிளே (தீயைத் தாங்கற களிமண்ணு) கேளுங்க, மூட்டைல வரும். வெடிப்பை அப்படியே மேல பூசாதீங்க. உளியால வெடிப்பை வி மாதிரி அகலமாக்கி, தூசியை பிரஷ்ல தட்டி, தண்ணி தெளிச்சு, அப்பறம் கட்டை விரலால மண்ணை உள்ள அழுத்தி அழுத்தி திணிக்கணும். ஒரு நாள் நிழல்ல காய்ஞ்சதும் மெல்லிசா வெடிப்பு ஓடும், ஈரத்துணியால தேய்ச்சு விட்டு ரெண்டாவது பூச்சு. நாலஞ்சு நாளைக்கு தீ வைக்காதீங்க. கல்லு மாத்தணும்னா சாதா செங்கலுக்கு பதிலா ஃபயர் பிரிக் போடுங்க, விலை ஜாஸ்திதான், ஆனா தீக்குழிக்கு மட்டும்னா எண்ணி பத்துப் பன்னண்டு கல்லுதான் வேணும்.

இந்த வேலையெல்லாம் தை, மாசில வெச்சுக்கோங்க. கிழக்குக் காத்துல மண்ணு சீக்கிரம் காயும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் மழை மறைவுங்கறதால எப்ப வேணா பண்ணலாம்னு நெனைப்பாங்க, ஆனாலும் ஆடிச் சாரல்ல பூசினா உள்ளுக்குள்ள ஈரம் நின்னுக்கும்.

புதுசுன்னா எது

1980கள்ல மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம்னு ஒண்ணு நாடு பூரா நடத்துச்சு, 2002ல நிறுத்திட்டாங்க. கேரளால அதே காலத்துல சாஸ்திர சாகித்ய பரிஷத்துங்கற அறிவியல் இயக்கத்து ஆளுங்க பரிஷத் அடுப்புன்னு வீடு வீடா கொண்டு போனாங்க, அவங்களோட ஆராய்ச்சி மையம் பாலக்காடு முண்டூர்ல இருக்கு. உங்க வீட்ல இருக்கற பழைய புகையில்லா அடுப்பு பெரும்பாலும் இந்த வழில வந்ததோட ஏதோ ஒரு வாரிசுதான். அந்த வடிவம் தெரிஞ்ச மேஸ்திரி இன்னும் இந்தப் பக்கம் இருக்காங்க, வயசானவங்களா பாத்து கேளுங்க, மண்ணும் செங்கலும் வெச்சு உங்க சட்டி அளவுக்கே கட்டிக் குடுப்பாங்க. எனக்கு இதுதான் பிடிக்கும், நாளைக்கு ஒடைஞ்சா நீங்களே மண்ணு வெச்சு அடைச்சுக்கலாம்.

அவசரமா வேணும்னா ஆலுவா அடுப்புன்னு ரெடிமேடா விக்கறது. வண்டில கொண்டு வந்து மேடைல உக்கார வெச்சு குழாயை மாட்டினா முடிஞ்சது. வாங்கறப்ப குழாய் எந்தப் பக்கம் வருது, இடமா வலமா, உங்க சுவருல ஓட்டை எங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க. உங்க பெரிய சட்டியையும் கையோட எடுத்துட்டு போய் வளையத்துல வெச்சு பாருங்க, கடைக்காரர் சிரிப்பாரு, சிரிக்கட்டும். கிரேட் தனியா கிடைக்குமான்னும் கேட்டுக்கோங்க.

தூக்கிட்டு போற இரும்பு அடுப்பு, ராக்கெட் அடுப்புன்னு சொல்றாங்களே அது, கொல்லைக்கும் திண்ணைக்கும் அருமை. விறகு கம்மியா எடுக்கும். இதுக்கு ஐஎஸ் 13152ன்னு இந்தியத் தர நிர்ணயம் இருக்கு, சாதா அடுப்புன்னா 25 சதவீதம், விசிறி வெச்சதுன்னா 35 சதவீதமாவது சூடு பாத்திரத்துக்கு போகணும். அந்த முத்திரை இருக்கறதா பாத்து வாங்குங்க. ஆனா குழாய் கிடையாது, அதனால மூடின சமையக்கட்டுக்குள்ள வேண்டாம்.

விறகை மொத்தமா விட்டுட்டு கேஸுக்கே போகலாமான்னா, கணக்கு இது: 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு செய்யற வேலையை நல்ல அடுப்புல செய்ய சுமார் 130 கிலோ காஞ்ச விறகு வேணும், மோசமான அடுப்புல 260 கிலோ. விறகை காசு குடுத்து வாங்கறீங்கன்னா உங்க ஊரு விறகு விலையை இதுல பெருக்கி சிலிண்டர் விலையோட வெச்சு பாருங்க, கேஸே மலிவா வந்தாலும் வரும். தோப்பு இருக்கறவங்களுக்கு அந்தக் கேள்வியே இல்ல. மாடு நாலஞ்சு இருந்தா சாண எரிவாயுவும் யோசிக்கலாம், ஒரு கன மீட்டர் கேஸுக்கு சுமார் 25 கிலோ சாணி.

புது அடுப்புல மொத வாரம்

கட்டி முடிச்ச அன்னிக்கே பால் காய்ச்சணும்னு நல்ல நேரம் பாத்து வெச்சிருப்பாங்க. பாலை கேஸ்ல காய்ச்சிட்டு, அடுப்புல ஒரு கற்பூரம் ஏத்தி கும்பிட்டுட்டு விட்டுடுங்க. மண்ணடுப்பு குறைஞ்சது ஒரு வாரம் நிழல்ல காயணும், அதுக்கப்பறம் மொத நாள் வெறும் காகிதமும் சுள்ளியும் கால் மணி நேரம், மறுநாள் அரை மணி நேரம், இப்படி கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போங்க. உள்ள நிக்கற ஈரம் ஒரேடியா ஆவியானா பூச்சை பொளந்துக்கிட்டு வெளிய வரும். குழாய்ல இருந்து தண்ணியாட்டம் சொட்டினா பயப்படாதீங்க, அது அந்த ஈரம்தான், நாலு நாள்ல நின்னுடும். சொட்டறது கறுப்பா கீலாட்டம் இருந்துச்சுன்னா விறகை மாத்துங்க. கொட்டாங்குச்சியை மட்டும் மொத மாசம் போட வேண்டாம்.